மிச்சமாகும் நேரம் யாருக்கு?

கோயம்புத்தூரில் நைட் ஷிப்டில் உட்கார்ந்து அமெரிக்க டாக்டர்களுக்கு ஸ்க்ரைப் வேலை பார்க்கிறேன். அங்கே கன்சல்டிங் ரூமில் டாக்டரும் நோயாளியும் பேசுவதை ஹெட்போனில் கேட்டு, கேஸ் நோட்டை அப்போதே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஸ்க்ரைப் வைப்பதால் டாக்டருக்கும் நோயாளிக்கும் நல்லதுதான், மிச்சமாகிற நேரத்தை நிர்வாகம் பிடுங்கிக்கொள்ளாத வரைக்கும்.

2009-ல் ஒபாமா அரசு கொண்டுவந்த சட்டம், நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் வைக்கும் மின்னணுப் பதிவுக்கு மாறும் மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. சில வருடங்களிலேயே காகித ஃபைல் பெரும்பாலும் ஒழிந்தது. ஆனால் பில்லிங்குக்கும் இன்சூரன்ஸுக்கும் தேவையான கட்டங்களை நிரப்புவது டாக்டர் தலையில் விழுந்தது. 2016-ல் வந்த ஓர் ஆய்வில் 57 டாக்டர்களைக் கூடவே இருந்து கவனித்தார்கள். நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கம்ப்யூட்டரிலும் மேஜை வேலையிலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அது போதாதென்று வீட்டுக்குப் போயும் ராத்திரி ஒன்றிரண்டு மணி நேரம் டைப்பிங்.

டாக்டர் கையிலிருந்து கீபோர்டை வாங்கிவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் காதால் கேட்டிருக்கிறேன். பிரஷர் குறையவில்லை என்று வந்தார் ஒரு பெரியவர். மருந்தின் அளவைக் கூட்டுவதாகச் சொல்லிவிட்டு டாக்டர் அவர் முகத்தையே பார்த்திருக்க வேண்டும். சில நொடி சத்தமே இல்லை. அப்புறம் அவராகவே சொன்னார், "பாதி பாதியாத்தான் போட்டுக்கறேன் டாக்டர், விலை கட்டுப்படியாகல." அளவைக் கூட்டும் பேச்சு அதோடு நின்றது. விலை குறைந்த வேறு மாத்திரை எழுதினார். டாக்டர் அந்த நேரத்தில் திரையைப் பார்த்து தட்டிக்கொண்டிருந்தால் பெரியவர் வாயைத் திறந்திருப்பாரா?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2019-ல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்தது. ஸ்க்ரைப் இருந்தபோது ஒரு டாக்டர் மணிக்குப் பார்த்த நோயாளிகள் 1.13-லிருந்து 1.31 ஆனார்கள், நோயாளி அங்கே இருக்கும் மொத்த நேரமும் 19 நிமிடம் குறைந்தது. எமர்ஜென்சியில் இது பெரிய விஷயம், மறுப்பதற்கில்லை. ஆனால் சாதாரண கிளினிக்கிலும் நிர்வாகத்தினர் இதே கணக்கைப் போடுகிறார்கள். ஸ்க்ரைபுக்குக் கொடுக்கும் காசை எடுக்க, நாளுக்கு இன்னும் ரெண்டு அப்பாயின்ட்மென்ட் சேர் என்கிறார்கள். டாக்டர் மறுபடியும் ஓட ஆரம்பிக்கிறார்.

ஓடுகிறவர் நோட்டைப் படிப்பதில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். நோட்டுக்கான மாதிரிப் படிவத்தை, அதாவது டெம்ப்ளேட்டைத் திறந்தாலே "வயிறு மென்மையாக உள்ளது, தொட்டால் வலி இல்லை" என்று முன்கூட்டியே நிரம்பி நிற்கும். வயிற்றில் கை வைத்த பேச்சே எனக்குக் கேட்டிருக்காது. "பரிசோதனை செய்தீர்களா டாக்டர்?" என்று சாட்டில் கேட்பேன். நேரம் இருக்கிற டாக்டர் உடனே "இல்லை, எடுத்துவிடு" என்பார். நெருக்கடியில் இருப்பவரிடமிருந்து பதிலே வராது. நான் எடுத்துவிட்டு, இன்ன வரியை எடுத்திருக்கிறேன் என்று குறிப்பு வைப்பேன். அதையும் பார்க்காமல் சாயங்காலம் மொத்தமாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். கையெழுத்து விழுந்தால் அது சட்டப்படி டாக்டரின் வாக்குமூலம். அடுத்து பார்க்கிற டாக்டர் அதை நம்பித்தான் மருந்து கொடுப்பார்.

இப்போது எங்கள் இடத்துக்கு ஏஐ வந்துகொண்டிருக்கிறது. என் வேலை போகும் என்பதற்காக அதை எதிர்க்க மாட்டேன். டைப்பிங்கை அது பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் விஸ்பர் என்ற, பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் ஏஐ மென்பொருளை ஆராய்ந்தவர்கள், சுமார் 1 சதவீத ஒலித் துணுக்குகளில் யாருமே பேசாத சொற்றொடர்களை அது சேர்த்திருந்ததாக 2024-ல் எழுதினார்கள். அப்படியென்றால் டாக்டர் உட்கார்ந்து படிப்பது முன்னைவிட அவசியமாகிறது. ஸ்க்ரைப் ஆளாக இருந்தாலும் மெஷினாக இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். மதியம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, நோட்டைப் படித்துத் திருத்த டாக்டரின் அட்டவணையிலேயே நேரம் ஒதுக்குங்கள், அதற்கும் சம்பளத்தோடு.