கண்ணைப் பிடுங்கிய கதையை இன்னும் எத்தனை ஊரில் கேட்பது?

பழைய நகரங்களை நடந்தே சுற்றிக் காட்டுகிறோம் என்று காசு வாங்குகிறவர்கள்மேல் எனக்கு ரொம்ப நாளாகக் கோபம். போன வாரம் அது தலைக்கேறிவிட்டது. எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. ஊர் மாறினாலும் கம்பெனி மாறினாலும் நடக்கிற அநியாயம் ஒன்றுதான். எனக்கு இந்த நடைகள் உயிர், அதனால்தான் இவ்வளவு எரிச்சல். பஸ் ஜன்னல் வழியாக ஒரு நகரத்தைப் பார்ப்பது வேறு. அதன் சந்துக்குள் நடந்துபோய், ஒரு சுவரைத் தொட்டுப் பார்த்து, விஷயம் தெரிந்த ஒருவரிடம் 'இந்த வரிசைக் கல் மட்டும் ஏன் வேறு நிறத்தில் இருக்கிறது?' என்று கேட்பது வேறு. அப்படி ஒரு கேள்வியைக் கேட்கத்தான் நான் பணம் கட்டுகிறேன். அதைத்தான் இவர்கள் கேட்கவே விடுவதில்லை.

முதலில் இந்தச் 'சிறு குழு' விவகாரம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். சொன்ன இடத்துக்குப் போனால் ஒரு கல்யாணக் கூட்டம் நிற்கும். இன்னொரு கைடுக்கு உடம்பு சரியில்லை, அதனால் இரண்டு குழுவையும் சேர்த்துவிட்டோம், கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்பார்கள். வெனிஸ் நகரம் 2024இல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கைடோடு போகிற குழுவில் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒலிபெருக்கி வைத்துப் பேசக் கூடாது. சுற்றுலாக் கூட்டத்தால் குடியிருப்பவர்கள் சொந்தத் தெருவிலேயே நடக்க முடியாமல் தவித்ததால் வந்த உச்சவரம்பு அது. அதாவது 25 என்பது ஒரு நகரம் 'இதற்கு மேல் என்னால் தாங்க முடியாது' என்று சொன்ன எண். அந்த எண்ணிக்கையை ஒட்டி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அதற்குச் சிறு குழு என்று பெயர் வைத்து விற்பதற்கு எப்படி மனசு வருகிறது?

எண்ணிக்கை பெரிதானால் என்ன ஆகும் என்பது நடந்தவர்களுக்குத் தெரியும். பழைய நகரத்துச் சந்துகளில் இரண்டு பேர் சேர்ந்து நடப்பதே கஷ்டம். கூட்டம் வால் போல நீண்டுவிடும். கைடு வேகமாகப் போய்க் கட்டடத்தின் முன்னால் நின்று, கூடவே வந்த நாலு பேருக்குப் பேச ஆரம்பித்துவிடுவார். கடைசியில் வருகிறவர் யார்? முட்டிவலிக்காரர், வயதானவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற அம்மா. அவர்கள் மூச்சு வாங்க வந்து சேரும்போது பேச்சு முடிந்திருக்கும். 'சரி, போகலாமா?' என்று கொடியைத் தூக்கிக்கொண்டு கைடு கிளம்பிவிடுவார். முன்னால் வந்தவர்களுக்கு விளக்கமும் கிடைத்தது, நிற்க நேரமும் கிடைத்தது. பின்னால் வந்தவருக்கு இரண்டுமே இல்லை. கடைசி ஆள் வந்து நிற்கிறவரை வாயைத் திறக்காமல் இருப்பதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டும்? அடிப்படை மரியாதை போதாதா?

கடைக்குக் கூட்டிப்போவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'உள்ளூர்க் கைவினைஞர்களைச் சந்திப்போம்' என்று திட்டத்தில் இருக்கும். உள்ளே கைவினைஞர் ஒருவர் ஒப்புக்கு உட்கார்ந்திருப்பார், அவரைச் சுற்றி விற்பனையாட்கள் நிற்பார்கள். கோட்டை வாசலில் ஐந்து நிமிடம் நிற்க நேரமில்லை என்றவர் அங்கே அரை மணி நேரம் நிதானமாக உட்கார்ந்திருப்பார். கமிஷன் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்த காரணம் இவை எதுவும் இல்லை. காலும் நேரமும் போனால் போகட்டும். இவர்கள் சொல்கிற பொய்யைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன வாரம் ஒரு அரண்மனை முன்னால் நிறுத்திச் சொன்னார்கள்: இதைக் கட்டிய சிற்பியின் கைகளை மன்னர் வெட்டிவிட்டார், இதுபோல் இன்னொன்றை அவர் யாருக்கும் கட்டித்தரக் கூடாது என்பதற்காக. எனக்கு ரத்தம் கொதித்தது. ஏனென்றால் இந்தக் கதை எனக்கு மனப்பாடம். ப்ராக் நகரத்து வானியல் கடிகாரத்தின் முன்னால் இதையே சொல்வார்கள். அங்கே கை கிடையாது, கண். கடிகாரம் செய்த ஹனுஷ் என்பவரின் கண்களை நகர சபை குருடாக்கிவிட்டதாம். உண்மையில் அந்தக் கடிகாரத்தை 1410இல் செய்தவர் கடான் ஊர் மிக்குலாஷ். அதே ஆண்டில் எழுதப்பட்ட ஆவணமே அவர் பெயரைச் சொல்கிறது. ஹனுஷ் பல பத்தாண்டுகள் கழித்து அதைப் பராமரித்தவர். மாஸ்கோவில் புனித பசில் தேவாலயத்துக்கு முன்னால் போனால் அங்கேயும் கண்ணைப் பிடுங்குவார்கள், பிடுங்கியவர் இவான் மன்னர். ஆனால் அந்தத் தேவாலயத்தைக் கட்டியவராகச் சொல்லப்படும் போஸ்ட்னிக் யாகோவ்லெவ் என்பவரின் பெயர் ரஷ்யாவின் இன்னொரு ஊரான கசானின் கோட்டை வேலையிலும் வருகிறது. ஆக்ராவுக்கு வந்தால் தாஜ்மகால், திரும்பவும் கை. தாஜ்மகாலின் தலைமைக் கட்டடக் கலைஞராகக் கருதப்படும் உஸ்தாத் அகமது லாகூரிக்கு டெல்லி செங்கோட்டையிலும் பங்கு உண்டு. அந்தக் கோட்டைக்கு அடித்தளம் போட்டது 1639இல், தாஜ்மகால் வளாகத்தில் வேலை இன்னும் நடந்துகொண்டிருந்த காலத்தில். தன் கனவு நகரத்தைக் கட்ட ஆட்கள் தேவைப்பட்ட ஒரு பேரரசர் தேர்ந்த கைகளை எல்லாம் வெட்டி எறிந்தார் என்பதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது.

மூன்று நாட்டில் மூன்று கட்டடங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே கதை. பெயரை மட்டும் மாற்றினால் போதும். அப்படியென்றால் நான் எதற்கு அந்த ஊர்வரை போனேன்?

இதுபோல் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஐரோப்பாவில் எந்தக் கோட்டைக்குள் போனாலும் சுழல் படிக்கட்டில் நிறுத்தி, ஏறுகிறபோது இது கடிகாரம் சுற்றும் திசையில் போகிறது, கீழிருந்து ஏறிவரும் எதிரியின் வலது கை வாளை வீச முடியாது என்பதற்காக இப்படிக் கட்டினார்கள் என்று நடித்தே காட்டுவார்கள். எதிர்த்திசையில் சுற்றுகிற படிக்கட்டுகளும் கோட்டைகளில் நிறையவே உண்டு. இந்த வாள் விளக்கத்தைப் பரப்பியவர் தியோடர் குக் என்ற ஆங்கிலேயக் கலை எழுத்தாளர், 1902இல். அவருக்கு வாள்விளையாட்டில் தீராத ஆசை. ஒருவருடைய ஊகம் நூறு வருஷத்துக்கும் மேலாக 'வரலாறு' என்ற பெயரில் கோட்டை கோட்டையாக விற்கப்படுகிறது. சித்திரவதைக் கூடங்களில் நிற்கிற, உள்ளே முள் வைத்த இரும்புப் பெட்டியும் அப்படித்தான். அதை இடைக்காலத்தில் பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை, அந்தக் கதை கிளம்பியதே 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான்.

'கதைதானே, சுவாரஸ்யத்துக்குச் சொல்கிறார்கள், விடுங்கள்' என்று கூட வந்த ஒருவர் என்னைச் சமாதானப்படுத்தினார். விட முடியாது. அதே குழுவில் ஒரு சிறுமி இருந்தாள். 'கையை வெட்டின பிறகு அவர் எப்படிச் சாப்பிட்டார்?' என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் குழந்தைக்கு அந்த அரண்மனை என்றால் இனி வெட்டப்பட்ட கைதான். அந்தக் கட்டடத்தின் வளைவை எப்படித் தாங்க வைத்தார்கள், கல் எங்கிருந்து வந்தது, எத்தனை தலைமுறை அதற்குள் குடியிருந்தது, ஒன்றுமே அவளுக்குக் கிடைக்கவில்லை. நான் கைடிடம் போய், இது எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று கேட்டேன். 'எல்லோரும் சொல்வதுதான்' என்றார். எல்லோரும் என்றால் யார் என்றேன். அப்புறம் பேசலாம் என்று கொடியைத் தூக்கிவிட்டார். நடை முடியும்வரை அந்த அப்புறம் வரவே இல்லை.

நம் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நிழல் விழுந்து கிடக்கிற தரையில் நின்றுகொண்டே சொல்கிறார்கள், கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். அடி வயிறு எரிகிறது. அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே சுவர் முழுக்கக் கல்வெட்டு. ராஜராஜன் தான் கொடுத்ததை மட்டும் வெட்டச் சொல்லவில்லை. அக்கா கொடுத்ததையும், தன் பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் சேர்த்தே கல்லில் வெட்டச் சொன்னான். தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிப்பாடிய பெண்கள், நானூறு பேரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. யார் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு வரிசையில் எத்தனையாவது வீடு என்பதுவரை எழுதியிருக்கிறது. கணக்கர் முதல் நாவிதர்வரை பட்டியல் போகிறது. தலைமைத் தச்சரின் பெயரும் உண்டு: குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். கட்டியவருக்கு மன்னனின் பெயரே பட்டமாக இருக்கிறது! கையை வெட்டிய கதையைக் கேட்டு வாய் பிளக்கிறவர்களை இந்தச் சுவர் முன்னால் நிறுத்தி, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு கோயிலில் வேலை பார்த்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினால் மயிர்க்கூச்செறியாதா? அதை விட்டுவிட்டு நிழலைப் பற்றிப் பேசுவது அந்த நானூறு பேருக்கும் செய்கிற துரோகம்.

கைடுகளை மட்டும் திட்டுவது நியாயமில்லை என்பது எனக்குத் தெரியும். பல ஊர்களில் 'இலவச வாக்கிங் டூர்' என்று நடத்துகிறார்களே, அதன் பின்னால் இருக்கிற கணக்கைப் பாருங்கள். அவற்றில் பல கம்பெனிகள் கைடுக்குச் சம்பளமே தருவதில்லை. வந்த ஆட்களை எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று கைடிடமிருந்தே வாங்கிக்கொள்கின்றன. ஆரம்பத்தில் எல்லோரையும் நிறுத்திக் குரூப் போட்டோ எடுப்பது பெரும்பாலும் அந்தத் தலையெண்ணும் வேலைக்குத்தான். அந்தக் கைடுக்கு டிப்ஸ் விழுந்தால்தான் அன்றைய சாப்பாடு. டிப்ஸ் விழ வேண்டுமானால் கூட்டம் சிரிக்க வேண்டும், பதற வேண்டும். கல்வெட்டை விட வெட்டிய கை அதிகம் சம்பாதித்துத் தரும். மேலிருந்து இப்படிப் பிழிகிறவர்கள் நிழலில் உட்கார்ந்திருக்க, வெயிலில் நிற்கிறவர் தொண்டை வறளப் பொய் சொல்கிறார். இதில் முதல் குற்றவாளி கம்பெனிதான்.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. லண்டனில் நீல பேட்ஜ் வாங்கிய கைடுகள் இருக்கிறார்கள். அதற்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் படித்து, எழுத்துத் தேர்வும் தெருவில் நின்று பேசிக் காட்டும் தேர்வும் எழுத வேண்டும். பெரிய பட்டம் இல்லாமலும் அருமையாகப் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்மணி தெருவின் பழைய வரைபடத்தின் நகலை ஆளுக்கு ஒன்று கொடுத்து, 'இப்போது நாம் நிற்கிற இடம் இதில் எங்கே, கண்டுபிடியுங்கள்' என்றார். எல்லோரும் குனிந்து தேடினோம். அங்கேயும் ஒரு பேய்க்கதை இருந்தது. அதைக் கதை என்றே சொல்லி, யார் எப்போது கிளப்பிவிட்டது என்றும் சொன்னார். ஒருவருக்கும் சலிக்கவில்லை. தெரியாத கேள்விக்குத் தெரியாது என்றார், மறுநாள் தேடிப் பதில் அனுப்பினார். இவ்வளவுதான் வேண்டும்.

அதனால் இனிமேல் பணம் கட்டுவதற்கு முன்னால் எழுத்திலேயே கேட்கப்போகிறேன். அதிகபட்சம் எத்தனை பேர், குழுக்களைச் சேர்ப்பீர்களா, கடைக்குக் கூட்டிப்போவீர்களா, வருகிற கைடு என்ன படித்திருக்கிறார். பதில் மழுப்பலாக வந்தால் என் காசு உங்களுக்கு இல்லை. இதைப் படிக்கிற நீங்களும் கேளுங்கள், பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு மரியாதை கிடைக்கும். நடையில் யாராவது மன்னர் கண்ணைப் பிடுங்கினார் என்று ஆரம்பித்தால் எல்லோர் முன்னாலும் ஆதாரம் கேட்பேன். அப்புறம் என்றால் அங்கேயே, அப்போதே கேட்பேன். இருபத்தைந்து பேரைச் சேர்த்துச் சிறு குழு என்றால் கிளம்புவதற்கு முன்பே முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்பேன், கொடுக்கிறவரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.