ஃபாஸ்ட்ஏபிஐ எடுத்தாச்சு, டேட்டாபேஸுக்கு என்ன போடுவது?

ஜாங்கோ, ஃபாஸ்ட்ஏபிஐ இரண்டும் பைத்தானில் வெப் ஆப் எழுதும் ஃபிரேம்வொர்க்குகள். ஜாங்கோவில் இந்தக் கேள்வியே வராது. ஓஆர்எம் (டேபிளை பைத்தான் கிளாஸாகக் கையாளும் லைப்ரரி), மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்), அட்மின் எல்லாம் கூடவே வந்துவிடும், பிடிக்கிறதோ இல்லையோ அதோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். ஃபாஸ்ட்ஏபிஐ அப்படியில்லை, டேட்டாபேஸ் உன் பாடு என்று ஒதுங்கிக்கொள்ளும். உடனே டீமில் பஞ்சாயத்து ஆரம்பம்: எஸ்க்யூஎல்ஆல்கெமியா, எஸ்க்யூஎல்மாடலா, டார்ட்டாய்ஸா, இல்லை ஓஆர்எம்மே வேண்டாம், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு நேராகப் பேசும் அசிங்க்பிஜி டிரைவரா?

போஸ்ட்கிரெஸ் என்றால் நான் சொல்வது எஸ்க்யூஎல்ஆல்கெமி 2.0, கூட சைகோபிஜி 3 டிரைவர், அதுவும் சாதாரண சிங்க் முறையில், அதாவது குவெரி முடியும்வரை அங்கேயே காத்திருக்கும் முறை. திட்டுகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

'ஃபிரேம்வொர்க் அசிங்க், அதனால் டேட்டாபேஸும் அசிங்க்' என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம் (அசிங்க் என்றால் காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலை பார்ப்பது). வெறும் டெஃப் என்று எழுதிய எண்ட்பாயிண்ட்டை (ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் தரும் ஃபங்ஷன்) ஃபாஸ்ட்ஏபிஐ தானாகவே த்ரெட்பூலில், அதாவது தனி த்ரெட் ஒன்றில் ஓட்டும், அதனால் ரிக்வெஸ்ட்டுகளை மாற்றி மாற்றிக் கவனிக்கும் ஈவென்ட் லூப் நிற்காது. அசிங்க் டெஃப் என்று போட்டுவிட்டு உள்ளே சிங்க் குவெரி ஓட்டினால்தான் அது முடியும்வரை அந்த வொர்க்கர் (சர்வரின் ஒரு ப்ராசஸ்) மொத்தமும் உறைந்து நிற்கும். 'ஃபாஸ்ட்ஏபிஐ ஸ்லோ' என்று புலம்புகிறவர்களின் கோட் ஃபைலைத் திறந்தால் பல நேரம் இதுதான் கிடக்கும்.

அப்புறம் கனெக்ஷன் கணக்கு. ஒரு வொர்க்கரின் த்ரெட்பூலில் டீஃபால்ட்டாக 40 த்ரெட். எஸ்க்யூஎல்ஆல்கெமி திறந்து வைத்திருக்கும் பூலில் 5 டேட்டாபேஸ் கனெக்ஷன், நெருக்கடி வந்தால் இன்னும் 10, ஆக 15. மீதி த்ரெட்டுகள் வரிசையில் நிற்கும், 30 விநாடிக்குள் கிடைக்கவில்லை என்றால் டைம்அவுட். சரி, வொர்க்கரைக் கூட்டலாம் என்று 8 ஆக்கினால் உச்சத்தில் 120 கனெக்ஷன், ஆனால் போஸ்ட்கிரெஸின் டீஃபால்ட் வரம்பே 100. அசிங்க் வந்தாலும் இந்த வரம்பு மாறாது, காத்திருக்கும் இடம்தான் மாறும். வெப்சாக்கெட் நிறைய, வெளி ஏபிஐகளுக்காக நீண்ட காத்திருப்பு என்றால் அசிங்க் எடுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை.

அசிங்க்கில் ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கும். 50 ஆர்டரை எடுத்து லூப்பில் ஒவ்வொன்றுக்கும் கஸ்டமர் பெயரைத் தொட்டால், சிங்க் முறையில் சத்தமே இல்லாமல் 51 குவெரி வரை (ஆர்டர்களுக்கு ஒன்று, கஸ்டமர்களுக்கு 50) போய்விடும், லோக்கலில் பத்து வரி டேட்டா வைத்திருக்கும்போது யார் கண்ணிலும் படாது. அசிங்க்கில் அதே இடத்தில் மிஸ்ஸிங்கிரீன்லெட் என்று எரர் அடித்து நிற்கும். சிங்க்கிலும் அந்தக் கண்டிப்பு வேண்டும் என்றால் ரெய்ஸ்லோட் (முன்பே எடுக்காததைத் தொட்டால் எரர் தரும்) இருக்கிறது, தேவையான இடத்தில் செலக்ட்இன்லோட் (தொடர்புள்ளதை மொத்தமாகச் சேர்த்து எடுக்கும்) போட்டுக்கொள்ளலாம். டெவலப்மென்ட்டில் எஞ்சினின் எக்கோவை ட்ரூ ஆக்கி வையுங்கள், என்ன எஸ்க்யூஎல் போகிறது என்று கண்ணெதிரே ஓடட்டும்.

ரிப்போர்ட் குவெரிகளை ஓஆர்எம்மில் வளைத்து நெளித்து எழுதாதீர்கள். நாலு ஜாயின், ஒரு விண்டோ ஃபங்ஷன் என்றால் எஸ்க்யூஎல்ஆல்கெமியின் டெக்ஸ்ட் ஃபங்ஷனுக்குள் எஸ்க்யூஎல்லை நேராக எழுதி, மதிப்புகளை மட்டும் பைண்ட் பாராமீட்டராகக் கொடுங்கள், எஃப்-ஸ்ட்ரிங்கில் ஒட்டவே கூடாது.

எஸ்க்யூஎல்மாடல் பார்க்க அழகு. டேபிளும் பைடான்டிக் மாடலும் (டேட்டாவைச் சரிபார்க்கும் கிளாஸ்) ஒரே கிளாஸ். ஆனால் அதே கிளாஸை ரெஸ்பான்ஸாகத் திருப்பினால் பாஸ்வேர்ட் ஹேஷும் சேர்ந்து வெளியே போகும், அதனால் எப்படியும் தனித்தனி கிளாஸ் எழுதத்தான் போகிறீர்கள். அடியில் ஓடுவதும் எஸ்க்யூஎல்ஆல்கெமிதான்.

மைக்ரேஷனுக்கு அலெம்பிக். மாடலைப் பார்த்து அதுவே மைக்ரேஷன் எழுதும் ஆட்டோஜெனரேட்டை மட்டும் அப்படியே நம்பாதீர்கள், டேபிளில் ஒரு காலம் (column, நெடுவரிசை) பெயரை மாற்றினால் அதற்குப் புரியாது: பழைய காலத்தை டிராப், புதியது ஒன்றைச் சேர் என்று எழுதி வைக்கும். அப்படியே ஓட்டினால் அந்த நெடுவரிசையில் இருந்த டேட்டா போச்சு. ஃபைலைத் திறந்து, அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டு, ஆல்டர் காலம் என்று கையால் மாற்றிவிட்டு அப்புறம் அப்கிரேட் கொடுங்கள்.