கூக்கும் இருக்கட்டும், கச்சானும் இருக்கட்டும்

பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் சர்ஃபிங் ஆட்களின் பேச்சில் எனக்குப் பிடித்ததே அதிலுள்ள நக்கல்தான். எல்லாம் தெரிந்தவர் மாதிரி புதுப் பலகையோடு வந்து மற்றவர் அலையைக் கெடுப்பவருக்கு ‘கூக்’ என்று பெயர். வலது காலை முன்னால் வைத்து நின்றால் ‘கூஃபி’. கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு ஓட்டும் ஆட்கள் இன்னும் மோசம். அவர்கள் வாயில் ‘ஸ்விம்மர்’ என்றால் நீச்சல் தெரிந்தவர் இல்லை, படகு கவிழ்ந்து தண்ணீரில் கிடப்பவர்!

இந்தப் பேச்செல்லாம் சென்னைக்குத் தெற்கே கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் வந்துவிட்டது. வரட்டும். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் வேர்ல்ட் சர்ஃப் லீக் போட்டியே நடந்தது. பல நாட்டு ஆட்கள் ஒரே அலைக்குக் காத்திருக்கும் இடத்தில் பொதுவாக ஒரு பேச்சு வேண்டாமா? பத்திரிகைகள் எழுதும் ‘அலைச்சறுக்கு’ நல்ல சொல்தான். கரையில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, அதற்காகச் சண்டைக்குப் போகவும் மாட்டேன்.

உள்ளூர்ப் பையன்கள் தங்கள் பேச்சை விட்டுவிடவும் இல்லை. அலை உடையும் இடத்துக்குக் கிட்டே இருப்பவருக்குத்தான் அந்த அலை, இது உலகம் முழுக்க உள்ள சட்டம். இண்டிகேட்டர் போடாத ஷேர் ஆட்டோ மாதிரி ஒருவர் குறுக்கே வந்தால் அதற்கு ‘டிராப் இன்’ என்று பெயர். தண்ணீரில் அந்த நேரத்தில் கேட்பது என்னவோ, “யோவ், எங்க பூர்ற?” என்பதுதான்.

என் வருத்தம் வேறு. நகரத்திலிருந்து போகிறவர்கள் ஸ்வெல் (தூரக் கடலிலிருந்து வரும் அலை), பீரியட் (அலைக்கும் அலைக்கும் நடுவே உள்ள நேரம்), ஆஃப்ஷோர் எல்லாவற்றையும் போனில் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். சொல்லிக்கொடுப்பவர்களில் பலர் மீனவ வீட்டுப் பிள்ளைகள். அந்த வீடுகளில் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் திசைவாரியாகப் பெயர் உண்டு. அதை ஒருவரும் கேட்டு வாங்கிக்கொள்வதில்லை.

‘ஆஃப்ஷோர்’ என்றால் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று, அவ்வளவுதான். கலிஃபோர்னியாவில் அது கிழக்கிலிருந்து வரும், நமக்கு மேற்கிலிருந்து. மீனவர்கள் மாதிரி கச்சான் என்று சொல்லிப் பாருங்கள், தென்மேற்கு என்ற திசையும் சேர்ந்தே வந்துவிடும். கச்சான் அடிக்கும் விடியற்காலையில் அலை சுத்தமாக எழும்பும். வெயில் ஏறிக் கடற்காற்று திரும்பியதும் எல்லாம் கலைந்துவிடும். அப்புறம் டீக்கடைதான்.

நீரோட்டத்தைக் குப்பத்தில் வெள்ளம் என்பார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெந்தி, வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. தென்மேற்குப் பருவத்தில் தெந்தி. மணலும் அந்தப் பக்கமாகத்தான் நகரும். துறைமுகம் குறுக்கே நின்றதால்தான் மெரினா அகலமானது, ராயபுரம் பக்கம் கரை அரித்துப் போனது. ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவம் வந்தால் வன்னி.

ஒரு ஐப்பசிக் காலையில் கோவளத்தில், பலகையைத் தூக்கிய ஒருவரிடம் பயிற்சி தரும் பையன் சொன்னான்: “அண்ணா, இன்னிக்கு வன்னி. இங்க எறங்காதீங்க, வடக்கால போய் எறங்குங்க.” அவர் வாட்சைப் பார்த்து, “கரண்ட் ஸ்ட்ராங்கா?” என்று கேட்டுவிட்டு அங்கேயே இறங்கினார். கையால் துழாவிக்கொண்டே இருந்தார், கரையில் விட்ட செருப்பு மட்டும் வடக்கே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் தெற்கே தூரமாகக் கரையேறி, பலகையைச் சுமந்து நடந்து வந்தார். பையன் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

‘ஸ்ட்ராங்கா’ என்பதற்குப் பதில் கிடைத்திருந்தாலும் எந்தப் பக்கம் என்பது அதில் இருந்திருக்காது. அவன் சொன்ன ஒரு சொல்லில் அது இருந்தது.

சர்ஃப் பள்ளிகள் வாசலில் அறிவிப்புப் பலகை வைத்து அன்றைய அலை உயரம், காற்றின் வேகம் எழுதலாம், நல்லது. அதன் கீழே ‘இன்று வன்னி’, ‘காலையில் கச்சான்’ என்று தமிழில் ஒரு வரி சேர்த்தால் என்ன? ஊருக்கு ஊர் பெயர் கொஞ்சம் மாறும். காசிமேடு, பழவேற்காடு பக்கத்து நண்பர்கள் உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எழுதுங்கள்.