வேடிக்கைச் செய்தியைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

"நாசா கோடிக்கணக்கான டாலரைக் கொட்டி விண்வெளியில் எழுதும் பேனாவைக் கண்டுபிடித்தது. ரஷ்யாக்காரன் பென்சிலை எடுத்துக்கொண்டு போனான்."

இந்த ஃபார்வர்டு வராத வாட்ஸாப் குரூப் கிடையாது. படித்தவுடன் ஒரு சிரிப்பு, அமெரிக்காக்காரனுக்கு ஒரு கொட்டு, அடுத்த குரூப்புக்கு ஒரு தள்ளு. அவ்வளவுதான்.

பென்சில் கொண்டுபோனதில் நாசாவும் சேர்த்திதான். 1965இல் 34 மெக்கானிக்கல் பென்சில்களை 4,382 டாலர் 50 சென்ட்டுக்கு வாங்கினார்கள். ஒரு பென்சில் கிட்டத்தட்ட 129 டாலரா என்று அங்கே பெரிய ரகளையே ஆனது. விலையை விடுங்கள், பென்சிலிலேயே சிக்கல் இருக்கிறது. எடையற்ற இடத்தில் ஒடிந்த முனை கீழே விழாது, மிதக்கும். கண்ணுக்குள் போகலாம், கருவிக்குள் போகலாம். கிராஃபைட் மின்சாரம் கடத்தும் பொருள் என்பதால் அதன் தூள் சுவிட்சுக்குள் போய் உட்கார்ந்தால் ஷார்ட் சர்க்யூட். போதாததற்கு மரமும் எரியும், கிராஃபைட்டும் எரியும். 1967 ஜனவரியில் அப்போலோ 1 கலத்துக்குள் தீப்பிடித்து மூன்று வீரர்கள் இறந்த பிறகு, எரியக்கூடிய எதையும் உள்ளே வைக்க யாருக்குத்தான் மனசு வரும்?

பேனாவைச் செய்தவர் பால் ஃபிஷர் என்ற பேனாக் கம்பெனிக்காரர். செலவான சுமார் 10 லட்சம் டாலரும் அவர் பணம், அரசுப் பணம் இல்லை. மூடி அடைத்த ரீஃபிலுக்குள் நைட்ரஜன் வாயுவை அழுத்தி வைத்தார், மையைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு. ஆனால் அழுத்தம் கொடுத்தால் மை தானாகவே ஒழுகுமே? அதனால் மையை ஜெல் மாதிரி கெட்டியாக்கினார். முனையிலுள்ள குண்டு உருண்டு உரசும்போது மட்டும் அது இளகும். நாசா 400 பேனா வாங்கியது, தள்ளுபடி போக ஒன்று 2 டாலர் 39 சென்ட். 1969இல் சோவியத் யூனியனும் 100 பேனாவும் 1,000 ரீஃபிலும் வாங்கியது. அதே மொத்த விலைத் தள்ளுபடியோடு!

விண்வெளிப் போட்டி உச்சத்தில் இருந்தபோது இரண்டு எதிரிகளும் ஒரே கடைக்காரரிடம் ஒரே தள்ளுபடியில் பேனா வாங்கியிருக்கிறார்கள். இதில் எது பெரிய வேடிக்கை? பென்சில் கதையா, இதுவா?

என் புகார் இதுதான். விசித்திரச் செய்திகளைப் பகிர்கிறவர்கள் "ஹாஹா" வருகிற இடத்தில் வெட்டிவிடுகிறார்கள். எப்படி நடந்தது, எந்த அளவு தப்பாகப் போனது என்கிற மிச்சப் பாதியில்தான் உண்மையான ஆச்சரியம் இருக்கிறது. அதை வெட்டினால் கையில் மிஞ்சுவது "பார், எவ்வளவு முட்டாள்கள்" என்கிற ஒரே ஒரு கருத்து. அதுவும் பெரும்பாலும் பொய்.

கனடாவின் கிம்லி விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "பைலட் கிலோவையும் பவுண்டையும் குழப்பிக்கொண்டார், நடுவானில் எரிபொருள் தீர்ந்துபோச்சு" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். 1983 ஜூலை 23, ஏர் கனடா 143. மான்ட்ரியாலில் கிளம்பி ஒட்டாவா வழியாக எட்மன்டன் போகவேண்டிய புத்தம்புது போயிங் 767. எரிபொருளைக் காட்டும் மானி வேலை செய்யவில்லை. காரணம், கருவிக்குள் ஒரு இடத்தில் சரியாகப் பிடிக்காத சால்டரிங். அந்தக் கருவிக்கு இரண்டு சேனல்கள். பழுதான சேனலுக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரை இழுத்துவிட்டால் மற்றது ஒழுங்காகக் காட்டும் என்று எட்மன்டனில் ஒரு டெக்னீசியன் கண்டுபிடித்து வைத்திருந்தார். மான்ட்ரியாலில் இன்னொருவர் சோதிப்பதற்காக அந்த பிரேக்கரைத் திரும்பப் போட்டார், இடையில் வேறு வேலை வந்தது, அப்படியே விட்டுவிட்டார். மானி மொத்தமும் இருண்டுவிட்டது.

சரி, இறக்கைக்கு அடியிலிருக்கும் அளவுக்கோலை இறக்கிக் கையால் அளந்தார்கள். டேங்கில் 7,682 லிட்டர். பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. இனி கணக்கைக் கவனியுங்கள்.

லிட்டரை எடையாக மாற்ற, எரிபொருள் சீட்டில் எப்போதும் இருந்த 1.77ஐ எடுத்துப் பெருக்கினார்கள். 7,682 × 1.77 = 13,597. இதை 22,300இலிருந்து கழித்தால் 8,703. அதைத் திரும்ப 1.77ஆல் வகுத்தால் 4,917 லிட்டர். அதை ஊற்றினார்கள். பெருக்கல், கழித்தல், வகுத்தல் எதிலும் பிழை இல்லை, எந்த வாத்தியாரும் முழு மதிப்பெண் போடுவார். ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டர் எத்தனை பவுண்டு என்கிற எண். அதுவரை அந்தக் கம்பெனியின் விமானங்கள் எல்லாமே பவுண்டுக் கணக்கு, 767தான் முதல் மெட்ரிக் விமானம். கிலோவுக்கு 0.803 போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் 7,682 லிட்டர் என்பது வெறும் 6,169 கிலோ, ஊற்றவேண்டியது 20,088 லிட்டர். கிளம்பியபோது விமானத்தில் இருந்தது தேவையில் பாதிக்கும் கீழே.

ஒட்டாவாவில் இறங்கி மறுபடியும் அளந்தார்கள், ரொம்பப் பொறுப்பாக. அதே பவுண்டு எண்ணால் பெருக்கினார்கள். விடை எதிர்பார்த்தபடியே வந்தது. விமானக் கணினியோ பைலட் தட்டிக் கொடுத்த எண்ணிலிருந்து செலவைக் கழித்துக் கழித்துக் காட்டியது, அதுவும் கடைசிவரை நிறைய இருப்பதாகவே சொன்னது.

41,000 அடியில் முதலில் ஒரு எஞ்சின் நின்றது, பிறகு மற்றது. எஞ்சின் போனால் விமானி அறைத் திரைகளுக்கு மின்சாரமும் போகும், ஹைட்ராலிக் அழுத்தமும் போகும். எதிர்க்காற்றில் சுற்றும் ஒரு குட்டிக் காற்றாலை வயிற்றுக்குக் கீழே வெளியே வந்து, விமானத்தைத் திருப்புகிற அளவுக்கு மட்டும் அழுத்தம் கொடுத்தது. கேப்டன் பாப் பியர்சன் எஞ்சின் இல்லாத கிளைடர்களை ஓட்டிப் பழகியவர். துணை விமானி மாரிஸ் குவின்டால் கிம்லியில் இருந்த விமானப்படைத் தளத்தில் முன்பு வேலை பார்த்தவர். அவர் சொன்ன ஓடுபாதைக்கே வந்தார்கள். அது மூடப்பட்டு, கார் ரேஸ் மைதானமாக மாறியிருந்தது இருவருக்கும் தெரியாது. அன்றைக்கு அங்கே குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வேறு.

உயரம் அதிகமாக இருந்தது. எஞ்சின் இல்லாமல் இன்னொரு சுற்று சுற்றி வரமுடியாது. அதனால் பியர்சன் ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்தி, வாலிலிருக்கும் திசை மாற்றும் ரடரை எதிர்ப்பக்கம் மிதித்து, விமானத்தைச் சாய்த்து இறக்கினார். கிளைடர்க்காரர்கள் உயரத்தைக் குறைக்கச் செய்கிற வித்தை. உடம்பு காற்றில் குறுக்கே நிற்பதால் வேகம் கூடாமல் உயரம் மட்டும் இறங்கும். முன்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் மடங்கியது, மூக்கு தரையில் தேய்ந்ததே பிரேக்காகவும் ஆனது. 69 பேரும் உயிரோடு இறங்கினார்கள். பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றதால் அங்கிருந்த அவசர வழிச் சறுக்கு செங்குத்தாகிவிட்டது, அதில் இறங்கியவர்களுக்குத்தான் சிராய்ப்பு. இவ்வளவையும் "குழப்பிக்கொண்டார்" என்ற ஒரு சொல்லில் அடைக்கலாமா, சொல்லுங்கள்.

அடுத்து பாஸ்டன். "பாகு வெள்ளத்தில் ஊர் மூழ்கியது" என்று சிரிப்பு எமோஜியோடு வருகிறதே, அதில் 21 பேர் இறந்திருக்கிறார்கள், சுமார் 150 பேருக்குக் காயம். எமோஜியைப் போடுவதற்கு முன்னால் இந்த வரியையாவது படிக்கலாம்.

1919 ஜனவரி 15, மதியம். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகு, மொலாசஸ். அதிலிருந்து தொழிற்சாலை ஆல்கஹால் காய்ச்சுவார்கள். 50 அடி உயரம், 90 அடி விட்டமுள்ள இரும்பு டேங்க். உள்ளே 23 லட்சம் கேலன், அதாவது சுமார் 87 லட்சம் லிட்டர். டேங்க் வெடித்து எழுந்த அலை 25 அடி, வேகம் மணிக்கு 56 கிலோமீட்டர். பாகு அவ்வளவு வேகமாக ஓடுமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். மொலாசஸ் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். அத்தனை உயரத்திலிருந்து ஒரேயடியாகச் சரியும்போது முதல் சில நொடிகளில் ஓட்டத்தைத் தீர்மானிப்பது அதன் எடை, பிசுபிசுப்பு இல்லை. பரவி மெலிந்து, ஜனவரிக் குளிரில் ஆறியபிறகுதான் பிசுபிசுப்பு வேலையைக் காட்டியது. அடித்துச் செல்லப்படாமல் தப்பியவர்கள் அதில் சிக்கிக்கொண்டார்கள். அசைய அசைய இறுகியது.

டேங்க் ஏன் உடைந்தது? தகடு வேண்டிய கனத்தில் பாதிதான். அந்தக் கால இரும்பில் மாங்கனீசு குறைவு, குளிரில் நொறுங்கும் ரகம். ஆனால் என்னை அசர வைப்பது சோதனைதான். கட்டுமானத்தை மேற்பார்வை பார்த்தவர் கணக்குப் பிரிவு ஆள், வரைபடம் படிக்கத் தெரியாதவர். டேங்கை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பிப் பார்க்கவேண்டிய இடத்தில், அடியில் 6 அங்குலத் தண்ணீர் விட்டு "ஒழுகவில்லை" என்று முடித்துவிட்டார். நிறைந்த மொலாசஸ் அடித்தகட்டில் கொடுக்கும் அழுத்தத்தில் இது ஒரு சதவீதம்கூட வராது. முதல் நாளிலிருந்தே டேங்க் ஒழுகியது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வழிந்ததைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கம்பெனி என்ன செய்தது தெரியுமா? கசிவு கண்ணில் படாதபடி டேங்குக்குப் பழுப்பு பெயிண்ட் அடித்தது. விபத்துக்குப் பிறகு, அராஜகவாதிகள் குண்டு வைத்தார்கள் என்று கோர்ட்டில் வாதாடியது. எடுபடவில்லை, 1925இல் 6,28,000 டாலர் நஷ்டஈடு கொடுத்தது.

ஈமு போரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். "ஆஸ்திரேலியா பறவைகளோடு போர் தொடுத்துத் தோற்றது" என்பதில் போர் என்பது 1932இல் மேஜர் மெரிடித் தலைமையில் போன ஒருசில ஆட்கள், இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கி, 10,000 தோட்டா. சத்தம் கேட்டதும் பறவைகள் சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து ஓடின. துப்பாக்கியை லாரியில் ஏற்றிப் பார்த்தார்கள், வண்டி குலுங்கிய குலுக்கலில் குறியே வைக்க முடியவில்லை. கடைசியில் 9,860 தோட்டாவில் 986 ஈமு என்று அறிக்கை கொடுத்தார். பத்துக்கு ஒன்று, ஒன்றுகூடக் கூடாமல் குறையாமல்! இந்தக் கணக்கை நான் நம்பவில்லை. யாரும் பகிராத பகுதி: தலைக்கு இவ்வளவு என்று விவசாயிகளுக்குச் சன்மானம் அறிவித்தபோது, 1934இல் ஆறே மாதத்தில் 57,034 ஈமுவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஓரிகன் கடற்கரையில் 1970இல் செத்து ஒதுங்கிய எட்டு டன் திமிங்கலத்தை அரை டன் டைனமைட் வைத்துத் தகர்த்ததும் இதே ரகம். துண்டுகள் கடலுக்குள் பறக்கும், மிச்சத்தைக் கடற்பறவைகள் தின்றுவிடும் என்பது திட்டம். வெடியைக் கரைப்பக்கமாக மணலைத் தோண்டி வைத்தார்கள். கொழுப்பு சதை வெடியின் வேகத்தை உள்வாங்கிவிடும். சின்னத் துண்டுகளாக நொறுங்காமல் பாறை மாதிரிக் கட்டிகள் கிளம்பி, கால் மைல் தள்ளி நின்ற கார் கூரையை நசுக்கியது. சத்தத்தில் பறவைகள் அந்தப் பக்கமே வரவில்லை. 1979இல் அதே பகுதியில் 41 திமிங்கலங்கள் ஒதுங்கியபோது எரித்துப் புதைத்தார்கள்.

அதனால் இந்த மாதிரி ஃபார்வர்டு வந்தால் நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள். எந்த அலகில் அளந்தார்கள், முன்னாடி என்ன சோதனை செய்தார்கள், பணம் யாருடையது, அடுத்த முறை என்ன மாற்றினார்கள். நான்கில் இரண்டுக்காவது பதில் இல்லையென்றால் அது பாதிக் கதை, அல்லது முழுப் பொய்.

ஒரு விதிவிலக்கு உண்டு, பதில் முழுசாகக் கிடைக்காத உண்மைக் கதை. 1980 நவம்பர் 20, லூசியானாவின் பெய்னியூர் ஏரி. ஆழம் பத்து அடிக்குப் பக்கம்தான். எண்ணெய் தேடி 14 அங்குல முனையால் துளைத்தவர்கள், கீழே இருந்த உப்புச் சுரங்கத்தில் ஓட்டை போட்டுவிட்டார்கள். நன்னீர் உப்பைக் கரைத்தது, கரையக் கரைய ஓட்டை பெருத்தது. துளையிடும் மேடை, 11 படகுகள், கரையிலிருந்த நிலம் எல்லாம் உள்ளே போயின. ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் கால்வாய் திரும்பி ஏரிக்குள் ஓடியது. சுரங்கத்தில் இருந்த 55 பேரும் முறையாகப் பயிற்சி எடுத்திருந்ததால் தப்பினார்கள், ஓர் உயிர்கூடப் போகவில்லை. சில நாளில் ஒன்பது படகுகள் தானாகவே மேலே மிதந்து வந்தன. துளையிட்ட இடம் எப்படித் தவறிப்போனது என்று விசாரித்தவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆதாரமெல்லாம் அந்த ஓட்டைக்குள்ளேயே போய்விட்டது. எண்ணெய்க் கம்பெனியும் துளையிட்ட கம்பெனியும் சேர்ந்து சுரங்கக் கம்பெனிக்கு 3.2 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன.