லண்டன் அழுக்கு மட்டும் செவ்வியலா, சேர்?

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று தெரியும். வராதவர்கள் இரண்டு நாளாக இங்கே ஓடும் சண்டையைப் பார்த்திருப்பீர்கள். பேச்சாளர் பெயரைப் போட மாட்டேன். கோபம் அவர் மேல் மட்டுமில்லை, அவருக்குக் கைதட்டிய நம்மவர்கள் மேலும்தான்.

அவர் சொன்னது இதுதான்: மலையக எழுத்து, அதாவது இலங்கைத் தோட்டத் தமிழர்களான நம் எழுத்து, இன்னும் லயத்தை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) விட்டு வெளியே வரவில்லையாம். துரை, கங்காணி, சம்பளம் என்று ஒரே புலம்பலாம். செவ்வியல் எழுத்து இதையெல்லாம் தாண்டி மனிதனைப் பேசுகிறதாம்.

சரி, எந்தச் செவ்வியல்? அவர் சொன்னது இரண்டு பேரைத்தான். ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ், நம் புதுமைப்பித்தன்.

டிக்கன்ஸின் அப்பா 1824-ல் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 12 வயதுப் பிள்ளை பூட்ஸ் பாலிஷ் ஃபெக்டரியில் லேபல் ஒட்டினான். பிறகு வாழ்நாள் முழுக்க அந்தக் காயத்தைத்தான் சுற்றிச் சுற்றி எழுதினார். ஃபெக்டரியை விட்டு வெளியே வாருங்கள் என்று அவரை யாராவது மேடையில் ஏறிக் கூப்பிட்டார்களா?

புதுமைப்பித்தன் கதை இன்னும் வேடிக்கை. 1935-ல் அவர் எழுதிய 'துன்பக்கேணி' கதையில் வரும் மருதி திருநெல்வேலிப் பக்கமிருந்து எங்கே வந்து சேருகிறாள்? இங்கேதான் ஐயா, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு! அவர் எழுதினால் செவ்வியல். மடக்கும்புர தோட்டத்திலேயே பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை எழுதினால் புலம்பல். சி.வி. 1947-ல் தலவாக்கலை எம்.பி. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம் சனத்தை நாடற்றவர்களாக்கியது. அந்த மனுசன் நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயர் வைக்காமல் வேறு என்ன வைப்பார்?

"கலைநயம் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். மோசமான தேயிலைக் கவிதைகள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன, நானே ஒரு மூட்டை எழுதியிருக்கிறேன். அதை விடுங்கள்.

"நீ இப்போது லயத்திலா இருக்கிறாய்? டவுனில் வீடு, மாதச் சம்பளம், பிறகு என்ன லயத்துக் கதை?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இதுதான் சுட்டது. இதற்குப் பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

நான் டவுன் பாடசாலையில் படித்தபோது ஒருமுறை பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வந்தார். அரைப் பேரோடு, அதாவது அரை நாள் வேலையோடு, மலையிலிருந்து இறங்கி, குளித்து, கலியாணங்களுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். விரலில் ஏறியிருந்த கொழுந்துக் கறை மட்டும் போகவில்லை. டீச்சருக்கென்று ஒரு சொப்பிங் பேக்கில் தேயிலைத்தூள். அதை நீட்டும்போது, தோட்டத்து துரையின் மனைவியைக் கூப்பிடுவதுபோல, வாய் தவறி "இந்தாங்க தொரசாணி" என்றுவிட்டார். வகுப்பே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னோடு இருந்தவன் "யாருடா அது?" என்று கேட்டதற்கு, "பக்கத்து லயத்து ஆள்" என்றேன்.

பல வருடம் கழித்து டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைப் படித்தேன். பிப்பை வளர்த்த கருமான் ஜோ, கனவானாகிவிட்ட பிப்பைப் பார்க்க லண்டனுக்கு வருவார். தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாது. வைத்த இடத்திலிருந்து அது விழுந்துகொண்டே இருக்கும். வளர்த்த பிள்ளையையே வாய் தவறி "சேர்" என்பார். காசு கொடுத்து அவரை வரவிடாமல் செய்ய முடியுமென்றால் கொடுத்திருப்பேன் என்று பிப்பே சொல்லும் இடம் அது. அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடியவன் ஒரு வாரம் திறக்கவில்லை.

தம்பி, லயத்தை விட்டு நான் வெளியே வந்தது அப்படித்தான். ஜன்னல் பக்கம் திரும்பி. அதையும் எழுதக் கூடாதா?

இன்னொன்று. அதே காட்சியில் ஜோவிடம் தேநீரா கோப்பியா என்று கேட்பார்கள். நாவல் வெளிவந்த 1861-ல் இந்த மலைகளில் கோப்பிதான். வெள்ளைக்காரத் துரை ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை நட்டது 1867-ல். கோப்பித் தோட்டத்திலும் பழம் ஆய்ந்தது நம் ஆட்கள்தான். லண்டன் கோப்பைக்குள் இருந்தால் அது 'மனிதன்', கோப்பைக்கு வெளியே கூடையோடு நின்றால் புலம்பல், அப்படித்தானே? அன்று மேடையில் நீங்களும் இரண்டு கப் தேத்தண்ணி குடித்தீர்கள், சேர். நான் எண்ணினேன்.

அதிகம் பேசுகிறேன் போல. பேசிவிட்டுப் போகிறேன், கைதட்டும்போது யாரும் நிறுத்தவில்லையே.

நேற்று ராத்திரி இந்த ஜோ கதையை அம்மாவுக்குச் சொன்னேன். தொப்பி விழும் இடத்தில் சிரித்தார். "ஒரு ஆணி அடிச்சிக் குடுத்திருக்கலாமே அந்தப் பய" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட்டுட்டுப் போனாரா அந்த மனுசன்?" என்று கேட்டார்.

"சரியா சாப்பிடலம்மா. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான், இருக்கலன்னு கிளம்பிட்டாரு."

அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "அன்னிக்கு நானும் சாப்பிடாமத்தான் பஸ் ஏறினேன்."