லைசென்ஸ் எப்போது கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்னால்

பிளஸ் டூ முடிவு வந்ததும் தென்காசி, வள்ளியூர், அம்பாசமுத்திரம் என்று நம் பக்கத்துப் பெற்றோர் சிலர் பாளையங்கோட்டையில் இருக்கும் என்னைத் தேடி வருகிறார்கள். விமானப் படையில் இன்ஜின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேட்கிறார்கள்: "அண்ணாச்சி, பையனை பைலட் ஆக்கணும், எத்தனை மாசத்துல முடியும்?" அடுத்த கேள்வி, எவ்வளவு ஆகும். மூன்றாவதாக ஒரு கேள்வி வர வேண்டும். அது வருவதே இல்லை. சேரப்போகிற பயிற்சிப் பள்ளியில் இதுவரை என்னென்ன விபத்து நடந்தது, அதற்குப் பிறகு என்ன மாற்றினார்கள்?

அரைக் கோடி ரூபாய் வரை விழுங்குகிற படிப்பு. வயலை விற்றும், வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்தும் அனுப்புகிறவர்கள் மாதக் கணக்குப் பார்ப்பது நியாயம்தான். ஆனால் அந்த அவசரம் பிள்ளையின் தலைக்குள் ஏறிவிடுகிறது. சம்பளத்துக்கு விமானம் ஓட்டத் தேவையான கமர்ஷியல் லைசென்ஸுக்கு, விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ கேட்பது குறைந்தது 200 மணி நேரப் பறத்தல். அதில் 100 மணி நேரம் தன் பொறுப்பில் ஓட்டியதாக இருக்க வேண்டும். இந்த எண்ணைத் துரத்துவதே பயிற்சி என்று ஆகிவிடுவதுதான் என் கவலை.

சின்ன விமானம் விழுந்தால் டீக்கடையில் முதலில் வரும் பேச்சு, "இன்ஜின் நின்னுட்டாம்". சில நேரம் அது உண்மையும்கூட. ஆனால் அமெரிக்காவில் சிறு விமான விபத்துகளைப் பல வருடமாக ஆராய்ந்தவர்கள், ஏறக்குறைய நான்கில் மூன்று விபத்து விமானியின் கையாளுதலோ முடிவோ சம்பந்தப்பட்டது என்கிறார்கள். உடனே "அப்போ பையன் தப்புதான்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இருபது வயதுப் பிள்ளை. சரியான முடிவை எடுக்க அவனுக்கு யார் பழக்கிக் கொடுத்தார்கள், எது எடுக்க விடாமல் அமுக்கியது என்று பார்க்க வேண்டும்.

உயிரை எடுக்கிற விபத்துகளில் முக்கியமானது ஸ்டால். இதில் இன்ஜின் நிற்பதில்லை. மூக்கை அளவுக்கு மேல் தூக்கினால், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஒரு எல்லையைத் தாண்டிவிடும். பயிற்சி விமானங்களில் அது சுமார் 15 முதல் 18 டிகிரி. அதற்கு மேல் இறக்கையின் தூக்குவிசை சரிந்துவிடும், இன்ஜின் முழு வேகத்தில் ஓடினாலும்கூட. உயரத்தில் நடந்தால் மூக்கை இறக்கி மீண்டுவிடலாம். தரைக்குப் பக்கத்தில்தான் ஆபத்து.

இறங்குவதற்காக ஓடுதளத்தை நோக்கிக் கடைசியாகத் திரும்பும் இடத்தை, பேஸில் இருந்து ஃபைனல், என்பார்கள். பின்னால் இருந்து காற்று தள்ளியதால் ஓடுதளத்தின் நேர்க்கோட்டைத் தாண்டிவிட்டான் என்று வையுங்கள். கூடுதலாகச் சாய்க்கப் பயந்து, வாலில் இருக்கும் ரடரை (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் பலகை) மட்டும் மிதித்து மூக்கைத் திருப்பப் பார்க்கிறான். மூக்கு தாழ்கிறது. அதைத் தூக்க, கையில் இருக்கும் ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கிறான். உள்பக்க இறக்கை முதலில் விட்டுக்கொடுக்க, விமானம் சுழன்று விழுகிறது. செஸ்னா மாதிரி சின்னப் பயிற்சி விமானத்தில், ஸ்பின் என்கிற இந்தச் சுழற்சி ஒரு சுற்று ஆனாலே, அதில் இருந்து மீளவே சுமார் 1000 அடி வேண்டும். அந்தத் திருப்பத்தில் அவன் இருப்பது 500 அடி பக்கம். சாய்வும் சேர்ந்தால் இன்னும் மோசம்: உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் ஆகும் வேகம் 40 சதவீதம் கூடிவிடும்.

இதற்கு மருந்து ரொம்ப எளிது. நேர்க்கோடு தவறிவிட்டதா, பவரைக் கொடுத்து மேலே ஏறி இன்னொரு சுற்று வா. கோ அரவுண்ட் என்பது இதுதான். எண்ணிக்கையில் அதிகமாக நடக்கிற தரையிறங்கும் விபத்துகளுக்கும், துள்ளித் துள்ளி முன்சக்கரம் ஒடிவது, ஓடுதளத்தை விட்டு விலகி ஓடுவது எல்லாவற்றுக்கும், பாதி மருந்து அதே கோ அரவுண்ட்தான். ஆனால் எத்தனை பள்ளியில் அதைத் தோல்வியாகப் பார்க்காமல் இருக்கிறார்கள்? "இன்னைக்கும் இறக்கத் தெரியலையா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். அடுத்த முறை அந்தப் பிள்ளை எப்படியாவது இறக்கத்தான் பார்ப்பான்.

இன்ஜின் பக்கம் வருகிறேன், என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செஸ்னா 152 போன்ற விமானங்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது இன்னும் கார்புரேட்டர்தான். பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகிய வழியில் விரையும்போதும் உள்ளே வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல்கூடக் குறையும். வெளியே 25 டிகிரி இருந்தாலும், காற்றில் ஈரம் இருந்தால் உள்ளே ஐஸ் கட்டும். குற்றாலத்துச் சாரல் காற்று இதற்குத் தோதான காற்று. ஐஸ் கட்டுவது பெரும்பாலும் பவரைக் குறைத்து இறங்கும்போது. கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடுகிற கார்ப் ஹீட் லீவரை இழுத்தால், உருகிய தண்ணீர் இன்ஜினுக்குள் போய் முதலில் இன்னும் கரகரவென்று ஓடும். பயந்துபோய் லீவரைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டால் கதை முடிந்தது. விசாரணைக்கு ஆட்கள் வருவதற்குள் ஐஸ் உருகிப் போயிருக்கும், தடயம் இருக்காது.

எரிபொருளும் அப்படித்தான். பாதி காலியான டேங்கில் ராத்திரி ஈரம் படிந்து தண்ணீர் சேரும். காலையில் ஒவ்வொரு டேங்கின் அடியிலும் கொஞ்சம் பிடித்துப் பார்க்க வேண்டும். இந்த விமானங்களுக்கு ஊற்றுகிற 100எல்எல் பெட்ரோல் நீல நிறம், தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டு அளக்க வேண்டும், மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. இதெல்லாம் சில நிமிட வேலை. முந்தின ஆள் தாமதமாக வந்தான், அடுத்த ஆள் காத்திருக்கிறான் என்றதும் வெட்டுப்படுவது இந்த நிமிடங்கள்தான்.

கோவில்பட்டிப் பக்கத்துப் பழைய ஓடுதளத்தில் பயிற்சிப் பள்ளி வரும் என்று பேச்சு அடிபடுகிறது. வரட்டும், நல்லது. ஆனால் நம் சீமையின் காற்றையும் வெயிலையும் தெரிந்துகொண்டு நடத்த வேண்டும். சித்திரையில் 40 டிகிரி அடிக்கும்போது காற்று லேசாகிவிடும். தரையில் நிற்கும்போதே விமானத்துக்கு 3000 அடி உயரத்தில் இருக்கிற கணக்கு. 110 குதிரைசக்தி இன்ஜின், இரண்டு ஆள், முழு டேங்க் என்றால் ஓடுதளம் நீளமாகத் தேவைப்படும், ஏறுவதும் மந்தமாக இருக்கும். ஆனி, ஆடியில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்கள் வழியாக வீசுகிற காற்றை நம்பித்தான் கயத்தாறிலும் பணகுடியிலும் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. செஸ்னா 152-இன் கையேட்டில், பக்கவாட்டுக் காற்றில் இறங்கிக் காட்டிய அளவு 12 நாட், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர்தான். ஆடிக் காற்றுக்கு அது எம்மாத்திரம்? மலைக்குக் கிழக்கே இன்னொரு சிக்கல். மருதூர் அணைக்கட்டைத் தாண்டி விழுகிற தாமிரபரணித் தண்ணீர் கீழே எப்படிப் புரண்டு சுழல்கிறதோ, அப்படித்தான் மலையைத் தாண்டி இறங்குகிற காற்றும். அங்கே சின்ன விமானம் கீழே அமுங்கினால், அதை மேலே ஏற்றுகிற பலம் அந்த இன்ஜினுக்கு இருக்காது.

மேகத்துக்குள் நுழைவதைப் பற்றி ஒரு பழைய பரிசோதனை உண்டு. 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், மீட்டர்களை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேருக்கு, மேகத்துக்குள் இருப்பதுபோலவே சூழலை அமைத்துக் கொடுத்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. "இன்னைக்கு கிராஸ் கன்ட்ரி முடிச்சா அஞ்சு மணி நேரம் சேரும்" என்று வேறு ஊருக்குப் பறந்து வரும் நெடுந்தூரப் பயிற்சிக்குக் கிளம்புகிற பிள்ளை, பாதி வழியில் மேகம் தாழ்வதைப் பார்த்ததும் திரும்பிவிட வேண்டும். திரும்பினால் திட்டுவார்களோ என்ற பயம் அவனுக்கு இருக்கவே கூடாது.

சொந்தக்காரர்களுக்கும் ஒன்று. "நம்ம ஊருக்கு மேலே ஒரு ரவுண்டு வாடே, வீடியோ எடுக்கோம்" என்று வாட்ஸப்பில் கேட்காதீர்கள். தாழப் பறந்து மின்கம்பியில் சிக்குவது உலகம் முழுக்க நடக்கிற விபத்து. கம்பி கண்ணில் படும்போது நேரம் கடந்திருக்கும்.

கற்றுத் தருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. வெயிலில் நாள் முழுக்கப் பறந்து களைத்தவர், மாணவனின் கையில் இருந்து ஸ்டிக்கை எப்போது வாங்க வேண்டும் என்பதில் ஓரிரு விநாடி பிந்தத்தான் செய்வார். "ஐ ஹேவ் கண்ட்ரோல்", அதாவது இனி நான் ஓட்டுகிறேன், என்று சொல்லாமலே இரண்டு பேரும் பிடித்து இழுப்பதும், இரண்டு பேரும் விட்டுவிடுவதும் நடந்திருக்கின்றன. அவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பறக்கிறார் என்று அட்மிஷன் மேஜையிலேயே கேளுங்கள். கோ அரவுண்ட் போன மாணவனிடம் என்ன பேசுவீர்கள், வானிலை சரியில்லாமல் திரும்பிய நாளுக்கு யார் காசு கொடுப்பது என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.

வீட்டிலும், பிள்ளை போனில் "இன்னைக்குப் பறக்கலப்பா, காத்து சரியில்ல" என்று சொன்னால், "அப்போ எப்பதான் முடிப்ப" என்று கேட்டுவிடாதீர்கள். "நல்லது செஞ்ச, சாப்பிட்டியா" என்று கேளுங்கள்.

நம் நாட்டில் நடக்கிற விபத்துகளை விசாரிக்கும் ஏஏஐபி அமைப்பு, அறிக்கைகளைத் தன் இணையதளத்தில் போடுகிறது. பணம் கட்டும் முன் சேரப்போகிற பள்ளியின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். பாளையங்கோட்டைக்கு வர முடிந்தவர்கள் ஞாயிறு காலையில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்கிறேன்.