டிராஃப்டரை யாராவது விளக்கினார்களா?

அக்கா மகள் பொறியியல் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறாள். வாங்க வேண்டியவற்றில் மினி டிராஃப்டரும் உண்டு: வரைபலகையில் முடுக்கி, ஜோடி ஜோடியான கம்பிகளின் முனையில் இருக்கும் ஸ்கேலை நகர்த்திக் கோடு போடும் கருவி. பரணிலிருந்து என்னுடையதை இறக்கினேன். பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, பேருந்தில் முன்னால் நிற்பவர் முதுகில் குத்தி எனக்குத் திட்டு வாங்கித் தந்த அதே சாமான்.

"கணினியில் வரையும் ஆட்டோகேட் 1982-லேயே வந்துவிட்டது, இன்னும் எதற்கு இந்த இரும்பு?" என்று வருடா வருடம் சண்டை நடக்கும். அதற்குள் நான் வரவில்லை. என் குறை வேறு. ஒரு வருடம் முழுக்க அதைப் போர்டின் இடது மூலையில் முடுக்கி வைத்துக் கோடு கோடாகப் போட்டோம். அது எப்படி வேலை செய்கிறது என்று ஒருத்தர் வாய் திறக்கவில்லை. எங்களைப் பொறுத்தவரை அது விலை கூடிய ஸ்கேல், அவ்வளவுதான்.

டிராஃப்டர் வருவதற்கு முன்பு டி-ஸ்கொயரை, அதாவது T வடிவ நீள ஸ்கேலை, பலகையின் ஓரத்தோடு அணைத்து, அதன்மேல் செட் ஸ்கொயரை நகர்த்துவார்கள். இரண்டு கையும் அதற்கே போகும். அமெரிக்காவில் கிளீவ்லாந்துக்காரர் சார்லஸ் லிட்டில் 1901 வாக்கில் கொண்டுவந்த டிராஃப்டிங் மெஷின்தான் நம் மினி டிராஃப்டரின் பாட்டன்.

சூட்சுமம் அந்தக் கம்பிகளில் இருக்கிறது. இரண்டு இரண்டாகப் போகும் கம்பிகளில் ஒவ்வொரு ஜோடியும் ஓர் இணைகரம். எதிரெதிர்ப் பக்கங்கள் சமம் என்பதால், எப்படித் தள்ளினாலும் நடுவில் இருக்கும் தகடு திரும்பாது. அடுத்த ஜோடி அதே வேலையை ஸ்கேல் மாட்டிய தலைக்குச் செய்கிறது. ஒரே ஜோடி என்றால் தலை ஒரு வட்ட வில்லில் மட்டும்தான் ஓடும். இரண்டு இருப்பதால் தாள் முழுக்கப் போகும், ஆனால் கோணம் மாறாது. மெக்கானிக் கடையில் இரண்டு பக்கமும் விரியும் டூல் பாக்ஸில் தட்டுகள் சாயாமல் எழும்பி நிற்பதும் இதே கணக்குதான். மளிகைக் கடை மேசைத் தராசும் அப்படியே. அதன் தத்துவத்தை ரோபர்வால் என்ற பிரெஞ்சுக்காரர் 1669-லேயே காட்டிவிட்டார்.

இரண்டாம் ஆண்டில் 'ஃபோர் பார் மெக்கானிசம்' (நாலு கம்பியை மூட்டுகளால் இணைத்த அமைப்பு, நம் இணைகரமும் அதில் ஒரு வகை) என்று கரும்பலகையில் நாலு கோடு போட்டார்கள். மனப்பாடம் செய்து எழுதினேன். அந்த மெக்கானிசம் ஒன்றுக்கு இரண்டாக விடுதிக் கட்டிலுக்கு அடியில் துரு ஏறிக் கிடந்தது! முதல் வகுப்பில் பத்து நிமிடம், கையில் கொடுத்து "தள்ளிப் பார், திரும்புகிறதா?" என்று கேட்டிருந்தால் போதும். ஷீட்டில் பார்டர் போடுவதற்கு முன்பு நடக்க வேண்டிய பாடம் அது.

சரி, பழையது வாங்குபவர்களுக்கு ஒன்று. திருகாணி தேய்ந்து அரை டிகிரி ஆட்டம் கொடுத்தாலே 300 மில்லிமீட்டர் கோட்டில் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும். தாளின் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டு, இரண்டு முனையிலும் இடைவெளியை அளந்து பாருங்கள். வித்தியாசம் வந்தால் வாங்காதீர்கள், விற்கிற சீனியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.